மீடியா செஷன் கிளாஸை எங்கே வெட்டுவது?

கேள்வியைச் சுருக்கினால் இது: அழைப்பை அமைக்கும் எஸ்ஐபி, அதன் மீடியாவை விவரிக்கும் எஸ்டிபி, ஒலி-ஒளியைச் சுமக்கும் ஆர்டிபி மூன்றையும் தானே கையாளும் பழைய சி++ லைப்ரரி ஒன்று. உச்சியில் ‘மீடியாசெஷன்’ என்ற பேஸ் கிளாஸ், 6,000 வரி. அதன் கீழே ஆடியோசெஷன், வீடியோசெஷன், கான்ஃபரன்ஸ்செஷன், ரெக்கார்டிங்செஷன். இப்போது அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைப் பகிர்வைச் சேர்க்கச் சொல்கிறார்கள். இன்ஹெரிட்டன்ஸை விட்டுக் காம்போசிஷனுக்குப் போகலாமா, ஸ்டேட் பேட்டர்ன் போடலாமா, மொத்தத்தையும் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பேட்டர்ன் சிறந்தது என்பதைவிட, இந்த லைப்ரரியை நம்பி எழுதிய புரோகிராம்கள் உடையாமல் முதல் வெட்டை எங்கே போடுவது என்பதே உங்கள் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில்: கிளாஸ் மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த 6,000 வரிக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஆயுட்காலங்களைப் பிரியுங்கள். பிரித்து முடிக்கும்போது மரத்தில் பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.

மரம் ஏன் பொருந்தவில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆடியோ, வீடியோ என்பது செஷனின் வகை என்று எண்ணி அந்த மரம் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் ஆடியோவில் தொடங்கிய அழைப்பு ஓடும் அழைப்பை மாற்றக் கோரும் ஒரே ஒரு ரீ-இன்வைட் செய்தியில் வீடியோ அழைப்பாகிவிடும், இன்னொன்றில் பழையபடி ஆகிவிடும். சி++ ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு தன் கிளாஸை மாற்றிக்கொள்ளாது. ஆகவே ஆடியோசெஷனுக்குள்ளேயே ‘வீடியோ இருக்கிறதா’ என்று ஒரு பூலியன் ஏற்கெனவே நுழைந்திருக்கும். உங்கள் நிரலை, அதாவது கோடைப் பார்க்காமலே இதைச் சொல்லலாம். அந்த பூலியன் வந்த நாளிலேயே மரம் பொய்யாகிவிட்டது. கான்ஃபரன்ஸும் ரெக்கார்டிங்கும் இன்னும் மோசம், அவை செஷனே இல்லை. கான்ஃபரன்ஸ் என்பது பல செஷன்களின் ஸ்ட்ரீம்கள் வந்து சேரும் ஒரு கலவை இடம். ரெக்கார்டிங் என்பது ஸ்ட்ரீமின் ஓரத்தில் மாட்டும் ஒரு வடிகால். பழைய ஓபன் சோர்ஸ் லைப்ரரியான ஓப்பலில் கால், கனெக்‌ஷன், மீடியா ஸ்ட்ரீம், ஸ்ட்ரீம்களை இணைக்கும் பேட்ச் என்று நான்கும் தனித்தனி கிளாஸ்கள். அதன் மற்ற முடிவுகளில் எல்லாருக்கும் உடன்பாடு இருக்காது, இந்தப் பிரிவினை மட்டும் காலத்துக்கு நின்றிருக்கிறது.

ஆயுட்காலம் என்று எதைச் சொல்கிறேன்? பயனர் பார்க்கும் ‘அழைப்பு’ ஒன்று. அதற்குள் எஸ்ஐபி டயலாக், அதாவது இரு முனைகளுக்கிடையிலான எஸ்ஐபி உறவு. இரண்டும் ஒன்றல்ல: ஒரே இன்வைட் (அழைப்புக் கோரிக்கை) ஃபோர்க் ஆகி, அதாவது கிளைபிரிந்து, இரண்டு தொலைபேசிகளில் மணியடித்தால், ஒரே அழைப்புக்கு இரண்டு தொடக்கநிலை டயலாக்குகள் உண்டு, எதிர்முனையை அடையாளம் காட்டும் டேக்கும் இரண்டு. ‘ரிமோட் டேக்’ என்று ஒரே மெம்பர் வைத்திருக்கும் கோடு, இரண்டாவது 180 (‘மணியடிக்கிறது’ என்ற பதில்) வந்ததும் முதலாவதை அழித்து எழுதிவிடும். அடுத்தது, எந்த மீடியாவை எப்படி அனுப்புவது என்று எஸ்டிபியால் முன்மொழிந்து பதில் பெறும் ஆஃபர்/ஆன்சர் பேச்சுவார்த்தை: குறுகிய நேரத்தில் பிறந்து முடிவது, ஒரே அழைப்பில் பத்து முறை நடக்கலாம். பிறகு ஸ்ட்ரீம், அதாவது எஸ்டிபியில் ஒரு மீடியாவை விவரிக்கும் ஓர் எம்-வரி. பிறகு சாக்கெட், ஐஸ் (இணைப்பு வழி தேடும் முறை), குறியாக்கச் சாவி ஆகியவை சேர்ந்த டிரான்ஸ்போர்ட். பண்டில் என்ற எஸ்டிபி நீட்டிப்பு வந்த பிறகு பல எம்-வரிகள் ஒரே டிரான்ஸ்போர்ட்டைப் பகிர்ந்துகொள்வதால், ஸ்ட்ரீமுக்கு ஒரு சாக்கெட் என்ற பழைய கணக்கும் செல்லாது. கடைசியாக மைக், கேமரா. அவை அழைப்புக்கு முன்பே இருந்தன, பின்பும் இருக்கும்.

இதைத் தாளில் செய்து பாருங்கள், ஒரு நாள் வேலை. மீடியாசெஷனின் ஹெடரைத் திறந்து, ஒவ்வொரு மெம்பர் மாறிக்கும் நேரே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்த நிகழ்வில் அதற்கு உயிர் வருகிறது, எந்த நிகழ்வில் அது பொருளிழக்கிறது, எந்தெந்த த்ரெட் அதில் எழுதுகிறது. மூன்றுக்கும் ஒரே விடை உள்ள மாறிகளை ஒன்றாகக் கூட்டினால் உங்கள் புதிய கிளாஸ்கள் அங்கேயே கிடைக்கும். எந்தக் கூட்டத்திலும் சேராமல் நடுவில் நிற்கும் மாறிகள் ஐந்தாறு இருக்கும்; உங்கள் பக் பட்டியலில் பாதி அவற்றைச் சுற்றித்தான் இருக்கும். மூன்றாவது விடையாக ‘எந்த த்ரெட் வேண்டுமானாலும்’ என்று எழுத நேர்ந்த இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டுவையுங்கள்.

கோடைத் தொடுமுன் பாதுகாப்பு வலை வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தட்களுக்கு யூனிட் டெஸ்ட் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், அந்த மெத்தட்களே இருக்கப்போவதில்லை. கம்பியில் போவதை டெஸ்ட் செய்யுங்கள்: லைப்ரரி அனுப்பும் எஸ்ஐபி செய்திகளையும் எஸ்டிபியையும் பதிந்து, பிரான்ச், டேக், கால்-ஐடி, எஸ்டிபியின் ஓ-வரியிலுள்ள எண் போன்ற தற்செயல் மதிப்புகளை ஒரே அச்சுக்குக் கொண்டுவந்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். சாதாரண அழைப்பு, நிராகரிப்பு, மணியடிக்கும்போதே கேன்சல், ஹோல்டும் விடுவிப்பும், வீடியோ சேர்த்தல்-நீக்கல், ஆஃபர் இல்லாத இன்வைட், ஃபோர்க்கிங், ரீ-இன்வைட்டுக்கு 488 (‘ஏற்க முடியாது’ என்ற பதில்), இருபுறமும் ஒரே நேரத்தில் ரீ-இன்வைட், ஆக் (ஒப்புகை) வராமல் போவது, நடுவில் நெட்வொர்க் அறுவது என்று ஒரு பதினைந்து காட்சிகள் போதும். எதிர்முனைக்கு சிப்-பி போன்ற எஸ்ஐபி சோதனைக் கருவியே வேலை செய்யும். இந்தக் கட்டத்தில் கண்ணில் படும் பக்கைத் திருத்தாதீர்கள், குறித்து மட்டும் வையுங்கள். நடத்தையையும் அமைப்பையும் ஒரே கமிட்டில் மாற்றினால் எது உடைத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வலை பின்னும்போது கடிகாரம் உங்களைத் தடுக்கும். எஸ்ஐபியின் அடிப்படை டைமர் டி1 500 மில்லிசெகண்ட். இன்வைட் காலாவதியாக 64 மடங்கு, அதாவது 32 செகண்ட். ஆர்எஃப்சி 4028 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின் செஷன் டைமருக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 1,800 செகண்ட். நிஜக் கடிகாரத்தோடு இவற்றை யாரும் தினமும் ஓட்டமாட்டார்கள். எனவே கோடில் நீங்கள் செய்யும் முதல் மாற்றம், ‘இப்போது மணி என்ன’ என்று கேட்கும் எல்லா இடங்களையும் ஒரு கடிகார இடைமுகத்தின் பின்னால் தள்ளுவதாக இருக்கட்டும். டெஸ்டில் போலிக் கடிகாரத்தை நகர்த்தினால் 32 செகண்ட் ஒரு நொடிப்பில் ஓடிவிடும். கூடவே மெமரிப் பிழை பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், த்ரெட் மோதல் பிடிக்கும் த்ரெட் சானிடைசர் இரண்டுக்கும் தனித்தனி பில்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பில்டில் இரண்டும் சேராது. த்ரெட் சானிடைசர் ஓட்டத்தை 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாக்கும் என்பதால், போலிக் கடிகாரம் இல்லாவிட்டால் அது கிளப்பும் டைம்-அவுட்களையும் உண்மைப் பிழைகளையும் பிரித்தறிய முடியாது.

முதல் வெட்டு ஆஃபர்/ஆன்சரில். காரணம், இது ஒன்றுதான் சாக்கெட்டோ த்ரெட்டோ தேவைப்படாத சுத்தமான கணக்கு. நம் பக்கத் திறன்கள், நடப்பு விவரணம், வந்திருக்கும் எஸ்டிபி ஆகியவை உள்ளே போகும்; அனுப்ப வேண்டிய எஸ்டிபியும் ‘எந்த ஸ்ட்ரீமில் என்ன மாற வேண்டும்’ என்ற பட்டியலும் வெளியே வரும். அது தானாக எந்த ஸ்ட்ரீமையும் தொடக்கூடாது. பழைய கோடுகளில் வழக்கமாக நடக்கும் தவறு, ஆஃபரை அனுப்பும்போதே கோடெக்கை (ஒலி-ஒளியைச் சுருக்கும் முறையை) மாற்றிவிடுவது. எதிர்முனை 488 சொன்னால் செஷன் பழையபடி தொடர வேண்டும் என்பது ஆர்எஃப்சி 3264-இன் விதி. ஆனால் பழைய நிலை எங்கே? அழிந்துவிட்டது. ‘நடப்பு’, ‘நிலுவை’ என்று இரண்டு விவரணங்களைத் தனித்தனியே வைத்து, ஆன்சர் வந்த பிறகே நிலுவையை நடப்பாக்குங்கள். இந்த ஒரு மாற்றம், ஹோல்டு போட்டால் சத்தம் திரும்பவில்லை என்ற வகைப் புகார்களில் கணிசமானவற்றைத் தீர்க்கும்.

இதே இடத்தில் இன்னும் சில விதிகள் கறாரானவை. எம்-வரிகளின் எண்ணிக்கை ஒரு செஷனில் குறையவே கூடாது. வீடியோவை நீக்கினால் அந்த வரியின் போர்ட் 0 ஆகும், வரி அங்கேயே நிற்கும். பின்னால் புது மீடியா அந்தக் காலி இடத்தில் அமரலாம். ஸ்ட்ரீம்களை வெக்டரில் வைத்து நீக்கும்போது எரேஸ் செய்யும் கோடு இங்கேதான் வழுக்கும்: அடுத்த ஆஃபரில் ஒரு வரி குறையும், இடவரிசை நகரும், எதிர்முனை ஆடியோ வரிக்கான பதிலை வீடியோவோடு பொருத்தும். 96 முதல் 127 வரையான டைனமிக் பேலோட் எண் (பாக்கெட்டில் கோடெக்கைக் குறிக்கும் எண்) ஒன்றை ஒரு கோடெக்குக்குக் கொடுத்தால், அந்தச் செஷன் முடியும்வரை வேறு கோடெக்குக்குக் கொடுக்கக்கூடாது. எஸ்டிபி மாறினால் ஓ-வரியின் பதிப்பு எண் ஒன்று கூட வேண்டும், மாறாவிட்டால் அதை அப்படியே விடுங்கள். கோடெக் அட்டவணை எழுதும்போது மாதிரி எடுக்கும் வேகத்தையும் ஆர்டிபி கடிகார வேகத்தையும் இரண்டு தனிப் புலங்களாக வையுங்கள். ஜி.722 என்ற கோடெக் நொடிக்கு 16,000 மாதிரி எடுக்கும், ஆனால் ஆர்டிபியில் அதன் கடிகாரம் 8,000. இதற்கான முந்தைய ஆவணத்தில் நேர்ந்த பிழையைப் பொருத்தம் கெடாமலிருக்க ஆர்எஃப்சி 3551 அப்படியே வைத்துக்கொண்டது. ஒரே புலத்தில் இரண்டையும் அடக்கினால் 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டுக்கு டைம்ஸ்டாம்ப் 160-க்குப் பதில் 320 நகரும்.

இரண்டாவது வெட்டு நிலைகளில். ஸ்டேட் பேட்டர்ன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலைக்கு ஒரு கிளாஸ் எழுதுவதில் எனக்கு நாட்டமில்லை. இருபது சின்னக் கோப்புகளில் ஒரு மாற்ற அட்டவணை சிதறிப்போகும். நிலைகள் ஏன் இருபதானது என்று பாருங்கள். ‘இணைந்தது-ஹோல்டு-வீடியோ நிலுவை’ போன்ற பெயர் உங்கள் நிலைகளின் எனம் (enum) பட்டியலில் இருந்தால், மூன்று தனி இயந்திரங்களைப் பெருக்கி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். டயலாக்குக்கு ஒன்று. பேச்சுவார்த்தைக்கு ஒன்று, அதில் சும்மா, ஆஃபர் அனுப்பியது, ஆஃபர் பெற்றது என்று மூன்றே நிலை. ஒவ்வொரு ஸ்ட்ரீமின் திசைக்கு ஒன்று. பிரித்த பிறகு ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச் அளவுக்குச் சுருங்கும்.

பந்தயச் சிக்கல்களுக்கும் அப்போதுதான் சொந்த வீடு கிடைக்கும். நாம் கேன்சல் அனுப்பிய கணத்தில் எதிர்முனையின் 200 (‘அழைப்பை எடுத்தேன்’ என்ற பதில்) கிளம்பிவிட்டால் கேன்சல் செல்லாது. அந்த 200-க்கு ஆக் அனுப்பி, உடனே பை (துண்டிப்புச் செய்தி) அனுப்ப வேண்டும். பயனர் துண்டித்துவிட்டாரே என்று ஆப்ஜெக்டை அழித்திருந்தால் ஆக் போகாது, மறுபக்கம் 200-ஐ 32 செகண்டுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். இருபுறமும் ஒரே நேரத்தில் ரீ-இன்வைட் அனுப்பினால் 491 என்ற மறுப்பு வரும்: கால்-ஐடியை உருவாக்கிய பக்கம் 2.1 முதல் 4 செகண்டுக்குள்ளும், மற்றது 0 முதல் 2 செகண்டுக்குள்ளும், 10 மில்லிசெகண்ட் படிகளில் ஏதோவொரு நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். இந்த டைமர் மீடியா கோடில் கிடந்தால் பிடுங்கி டயலாக்குக்கு நகர்த்துங்கள்.

த்ரெட்களும் கால்பேக்குகளும்தான் இந்த வேலையின் கடினமான பகுதி. பழைய கோடு பெரும்பாலும் லாக்கைப் பிடித்தபடியே பயனரின் கால்பேக்கை அழைக்கும். பயனர் அதற்குள்ளிருந்தே ‘அழைப்பைத் துண்டி’ என்பார், அதே லாக், டெட்லாக். யாரோ அதை ரிகர்சிவ் மியூடெக்ஸாக மாற்றியிருப்பார்கள். டெட்லாக் போய்விடும், அதைவிட மோசமானது வரும்: கால்பேக் திரும்பியதும் அடுத்த வரி தொடும் ஸ்ட்ரீம் அதற்குள் அழிந்திருக்கும். தீர்வாக நான் உறுதியாகச் சொல்வது, அழைப்புக்கு ஒரு வரிசை. நெட்வொர்க்கிலிருந்து வருவது, டைமர், பயனரின் கட்டளை எல்லாம் அந்த வரிசையில் சேர்ந்து ஒவ்வொன்றாக நடக்கும். கால்பேக்குகள் அந்த வேலை முடிந்த பிறகு வெளியே போகும். டயலாக், பேச்சுவார்த்தை இரண்டிலும் அப்போது லாக்கே தேவைப்படாது.

ஆடியோ த்ரெட் இந்த வரிசையில் சேராது. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், நொடிக்கு 50. அதற்குள் லாக்குக்காகவோ மெமரி ஒதுக்கீட்டுக்காகவோ நின்றால் காதில் தெரியும். அமைப்புகளை மாறாத ஒரு சிறு ஆப்ஜெக்டாகக் கட்டி, அதன் பாயிண்டரை அட்டாமிக்காக மாற்றிவிடுங்கள், பழையதை விடுவிப்பது ஆடியோ த்ரெட்டில் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் அழைப்பின் செலவு பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். நொடிக்கு 50 முறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

காம்போசிஷனுக்கு வலுவான காரணம் அழகைவிட டிஸ்ட்ரக்டர்தான். பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் ‘நிறுத்து’ என்று விர்ச்சுவலை அழைக்கும்போது டிரைவ்ட் பகுதி ஏற்கெனவே போய்விட்டது, ஆகவே பேஸின் பதிப்பே ஓடும். பேஸ் கன்ஸ்ட்ரக்டரிலேயே ரிசீவ் த்ரெட்டைத் தொடங்கினால் எதிர்த்திசையில் அதே கதை: டிரைவ்ட் பகுதி கட்டி முடியுமுன் பாக்கெட் வந்துவிட்டால் ‘பியூர் விர்ச்சுவல் கால்’ என்று புரோகிராம் விழும், அதுவும் பத்தாயிரத்தில் ஒரு முறை மட்டும். இன்னொன்று: அழைப்பை முடிப்பது உடனடிச் செயல் இல்லை. பை அனுப்பி அதற்குப் பதில் வரவேண்டும், வராவிட்டால் 32 செகண்ட். பயனர் கையில் இருப்பது லேசான கைப்பிடியாகவும், உள்ளே வாழும் ஆப்ஜெக்ட் வேறாகவும் இருந்தால்தான் பயனர் கைப்பிடியை விட்ட பிறகும் பை ஒழுங்காகப் போய்ச் சேரும். செஷன் ஸ்ட்ரீமைப் பிடிக்க, ஸ்ட்ரீமின் கால்பேக் லாம்டா செஷனை ஷேர்ட் பாயிண்டரால் பிடிக்கும் வளையத்தையும் தேடுங்கள். வீக் பாயிண்டர் அதை அறுக்கும். ஸ்ட்ரீமுக்குச் செஷன் என்றொன்று இருப்பதே தெரியாமல் செய்வது அதைவிட நல்லது.

ஸ்ட்ரீமைத் தனியே எடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ஹோல்டு, விடுவிப்பு என்று ஒவ்வொரு ரீ-இன்வைட்டுக்கும் ஸ்ட்ரீம் ஆப்ஜெக்டை அழித்துப் புதிதாகக் கட்டுவது கோடைச் சுத்தமாக்கும் என்று தோன்றும். ஆர்டிபியைக் குறியாக்கும் எஸ்ஆர்டிபி இருந்தால் அது விஷம். ஆர்டிபி வரிசை எண் 16 பிட். நொடிக்கு 50 வீதம் 65,536 பாக்கெட்டுக்கு ஏறத்தாழ 22 நிமிடம். எண் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் இருபுறமும் ஒரு ரோல்-ஓவர் எண்ணியைத் தங்களுக்குள் ஒன்று கூட்டிக்கொள்ளும், அது பாக்கெட்டில் போவதில்லை. அதே சாவி, அதே எஸ்எஸ்ஆர்சியோடு (ஸ்ட்ரீமின் அடையாள எண்) குறியாக்கச் சூழலைப் புதிதாகக் கட்டினால் நம் எண்ணி 0, எதிர்முனையில் 1. எல்லா பாக்கெட்டும் சரிபார்ப்பில் தோற்கும், சத்தம் செத்துவிடும். இரண்டு நிமிட டெஸ்ட் அழைப்பில் இது அநேகமாகத் தெரியாது. டெஸ்டில் வரிசை எண்ணை 65,500-இல் தொடங்குங்கள், ஒரு நொடிக்குள் சுற்றிவிடும். பிறகு ஹோல்டு போட்டு விடுவித்துப் பாருங்கள். குறியாக்கச் சூழல் டிரான்ஸ்போர்ட்டின் ஆயுளைச் சேர்ந்தது, ஸ்ட்ரீமின் திசை மாறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெளி இடைமுகத்தைப் பற்றி: எவ்வளவு கவனம் தேவை என்பது நீங்கள் பைனரியாகக் கொடுக்கிறீர்களா, சோர்ஸாகவா என்பதைப் பொறுத்தது, உங்கள் கேள்வியில் அது இல்லை. பைனரி என்றால் பொது கிளாஸில் ஒரு மெம்பர் சேர்த்தாலும் அளவு மாறும், ஒரு விர்ச்சுவல் சேர்த்தாலும் வி-டேபிள் மாறும், பழைய புரோகிராம்கள் சத்தமில்லாமல் தவறான மெத்தட்டுக்குத் தாவும். சோர்ஸ் என்றால் சிக்கல் வேறு. பயனர் உங்கள் விர்ச்சுவலை ஓவர்ரைடு செய்திருப்பார், ‘ஓவர்ரைடு’ என்ற சொல்லைப் போட்டிருக்கமாட்டார். நீங்கள் அதன் பாராமீட்டரை மாற்றினால் அவர் கோடு கம்பைல் ஆகும், ஆனால் யாரும் அதை அழைக்கமாட்டார்கள். ஆகவே இனி அழைக்கப்படாத பழைய விர்ச்சுவலை நீக்காமல் ‘ஃபைனல்’ என்று குறித்துவிடுங்கள், அவருக்குக் கம்பைல் பிழை வந்து விஷயம் தெரியும். ஆடியோசெஷன், வீடியோசெஷன் என்ற பெயர்களைப் புதிய உள்ளமைப்பை அழைக்கும் வெற்று ஓடுகளாக வைத்திருங்கள். கால்பேக்குகள் வரும் வரிசையும் ஒப்பந்தத்தின் பகுதியே, எங்கும் எழுதப்படாதது என்பதால் அதையும் வலையில் பதிந்துகொள்ளுங்கள்.

புதிதாக எழுதுவதா என்ற கேள்விக்கு இவ்வளவு உறுதியாக விடை சொல்ல முடியாது. கம்பி டெஸ்ட்களை எழுதிய பிறகு முடிவெடுங்கள் என்பேன். அவை இரண்டு வழிக்கும் பயன்படும். அந்தப் பதினைந்து காட்சிகளில் லைப்ரரி பெரும்பாலும் சரியாக நடந்துகொண்டால் வெட்டி வெட்டிச் சீரமைப்பதே லாபம், ஏனென்றால் விசித்திரமான எதிர்முனைகளுக்காகப் போட்ட ஒட்டுகள் அந்த 6,000 வரிக்குள்தான் இருக்கின்றன. பாதிக்கு மேல் தவறினால் காப்பாற்ற அதிகம் இல்லை.

திரைப் பகிர்வை இந்த வேலை முடியும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆஃபர்/ஆன்சர் தனியாகி, ஸ்ட்ரீம்கள் ஒரு பட்டியலானதும் அதைச் சேர்த்துவிடலாம்: இன்னொரு வீடியோ எம்-வரி, ஆர்எஃப்சி 4796 சொல்லும் ‘ஸ்லைட்ஸ்’ என்ற கன்டென்ட் பண்பு, அதற்கு ஒரு திரை மூலம். இரண்டாவது வீடியோ வரிக்குப் போர்ட் 0 சொல்லித் திருப்பும் எதிர்முனைகள் உண்டு. அப்போது கேமரா ஓடும் முதல் வரியிலேயே மூலத்தை மட்டும் மாற்றித் திரையை அனுப்புங்கள். மூலம், ஸ்ட்ரீம் இரண்டையும் ஏற்கெனவே பிரித்திருப்பதால் அதற்குப் புதிய ஆஃபர்கூடப் பெரும்பாலும் வேண்டாம்; பேசி முடித்த கோடெக்கும் தெளிவளவும் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.